உச்சியில்தான் ஊர்: டஸ்கனி சைக்கிள் பயணம், வாசகர் கேள்வி பதில்

இத்தாலியின் டஸ்கனி வட்டாரத்தில், ஃபுளோரன்ஸுக்கும் சியேனாவுக்கும் நடுவே கிடக்கும் கியாந்திக் குன்றுகளுக்கு ரோடு பைக்கோடு போகிறவர்களிடமிருந்து இந்த மாதம் நிறையக் கடிதங்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டோம்.

கேள்வி: பினாங்குத் தீவை ஒரு காலை நேரத்தில் சுற்றி வந்துவிடுவோம். டஸ்கனியில் நாளுக்கு 100 கிலோமீட்டர் என்று திட்டம் போட்டிருக்கிறோம். சரிதானே? (வாசகர், பாயான் லெப்பாஸ்)

சரியில்லை. திட்டத்தாளில் கிலோமீட்டரை அடித்துவிட்டு, ஏறவேண்டிய உயரத்தை மீட்டரில் எழுதுங்கள்.

தீவுச் சுற்று எழுபது சொச்சம் கிலோமீட்டர். அதில் ஏற்றம் என்று பேர் சொல்லக்கூடியவை தெலுக் பகாங்கைத் தாண்டி வரும் தித்தி கெராவாங்கும், பாலிக் பூலாவை விட்டு வெளியேறும்போது வரும் புக்கிட் கெந்திங்கும்தான். கியாந்தியில் அப்படி இரண்டோடு முடியாது. 222ஆம் எண் சாலையைப் பாருங்கள். கிரேவே 236 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அடுத்த ஊர் பன்சானோ சுமார் 500 மீட்டரில். அங்கிருந்து பள்ளத்தாக்கில் இறங்கி, மறுபடி 578 மீட்டரில் உள்ள கஸ்தெல்லினாவுக்கு ஏறவேண்டும். பிறகு ராடா, கயோலே. மொத்தம் 40 கிலோமீட்டர் அளவுதான். ஏறிய உயரமோ 700 மீட்டரை நெருங்கிவிடும். பொதுக் கணக்காக ஒரு கிலோமீட்டருக்கு 15 முதல் 20 மீட்டர் ஏற்றம் என்று வைத்துக்கொள்ளலாம். 100 கிலோமீட்டர் என்றால் 1,500 முதல் 2,000 மீட்டர். ஒரு நாள் முடியும். ஐந்து நாள் தொடர்ந்து முடியுமா?

இன்னொரு சிக்கல், ஊர்கள் இருக்கும் இடம். ஃபுளோரன்ஸும் சியேனாவும் நூற்றாண்டுக் கணக்கில் மோதிக்கொண்ட எல்லை இது. காவலுக்காக உச்சியில் மதில் எழுப்பி ஊரைக் கட்டினார்கள். தெற்கே கியானா பள்ளத்தாக்கு நெடுங்காலம் சதுப்பாகக் கிடந்து மலேரியா பரப்பியதால், அங்கேயும் மக்கள் மேட்டில்தான் குடியிருந்தார்கள். அதனால் சாப்பாட்டுக் கடை, தண்ணீர்க் குழாய், தங்கும் விடுதி எல்லாம் மேலே. மொந்தால்சீனோ 564 மீட்டர், மொந்தேபுல்சியானோ சுமார் 600. கால் ஓய்ந்த நேரத்தில்தான் நாளின் கடைசி ஏற்றம் வரும்.

முதல் நாள் 45 கிலோமீட்டர் போதும். மறுநாளிலிருந்து 60, 70. சராசரி வேகத்தை 16 அல்லது 17 என்று போடுங்கள். இங்கே எடுக்கும் 25 அங்கே உதவாது. கடைசி ஏற்றத்துக்கு அரை மணி முன்னால், பசிக்காவிட்டாலும் ஒரு வாழைப்பழமாவது உள்ளே போகட்டும்.

கேள்வி: என் பைக்கில் முன் பல்சக்கரங்கள் 52/36 பல், பின்னால் 11-28 பல். போதுமா? கேஸட்டை (பின் பல்சக்கர அடுக்கை) மட்டும் மாற்றினால் ஆகுமா? (வாசகர், பட்டர்வொர்த்)

போதாது என்பதற்குக் கணக்கே சாட்சி. 36 பல்லும் 28 பல்லும் சேர்ந்தால், பெடல் ஒரு சுற்றுக்குச் சக்கரம் 1.29 சுற்று. நிமிடத்துக்கு 60 மிதி என்றால் வேகம் ஏறக்குறைய மணிக்கு 9.7 கிலோமீட்டர். ஆளும் பைக்கும் சேர்த்து 80 கிலோ. சரிவு 10 விழுக்காடு. இந்த வேகத்தைப் பிடிக்க 220 வாட் வேண்டும். 34க்கு 34 என்றால் அதே 60 மிதிக்கு வேகம் 7.5, தேவை 170 வாட் சொச்சம். 220 வாட்டைக் கால் மணி நேரம் தாங்கமுடியாதவர் மிதியை 45க்கு இறக்கிவிடுவார். அப்போது பாரம் நெஞ்சிலிருந்து முட்டிக்கு மாறும். மூன்றாம் நாள் முட்டிவலி என்று விடுதியில் உட்காருகிறவர்கள் பெரும்பாலும் இப்படி மாட்டிக்கொண்டவர்கள்தான்.

முன்னால் 50/34, பின்னால் 11-34 வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கேஸட்டை மட்டும் வாங்கி மாட்டிவிடாதீர்கள். பின் டிரெய்லியரின், அதாவது செயினைப் பல் மாற்றிப் போடும் கருவியின், கூண்டு நீளத்தைப் பாருங்கள். 11 கியர் ஷிமானோ 105 (ஆர்7000), அல்டெக்ரா (ஆர்8000) வகைகளில் குட்டைக் கூண்டு 30 பல் வரை, நடுத்தரக் கூண்டு 34 பல் வரை என்பது நிறுவனம் கொடுத்த எல்லை. கேஸட் பெரிதானால் செயினும் நீளவேண்டும். பழைய நீளத்தோடு விட்டால், கவனக்குறைவாகப் பெரியதும் பெரியதும் சேரும் கியரில் போடும் நிமிடத்தில் செயின் விறைத்து டிரெய்லியரை இழுக்கும், அதை ஃபிரேமோடு பிணைக்கும் ஹேங்கர் முறியும். புது கேஸட்டுக்குத் தேய்ந்த செயினும் ஆகாது. செயின் தேய்மான அளவுகோல் 0.5 காட்டினால் செயினையும் மாற்றுங்கள். டிரெய்லியரின் மேல் உருளை கேஸட்டில் உரசினால், இடைவெளியைச் சரிசெய்யும் பி-ஸ்குரூவைச் சற்று இறுக்கவேண்டும். இதையெல்லாம் புறப்படுவதற்கு மூன்று வாரம் முன்பே முடித்துவிட்டு, தித்தி கெராவாங்கில் ஏறிச் சோதியுங்கள். உதிரி ஹேங்கர் ஒன்று பையில் இருக்கட்டும். பைக்குக்கு ஒரு வடிவம். அங்கே கடையில் தேடினால் கிடைக்கும் என்று நம்ப முடியாது.

கேள்வி: சொந்த பைக்கைக் கொண்டுபோவதா, அங்கே வாடகைக்கு எடுப்பதா? (வாசகி, பிரிக்ஃபீல்ட்ஸ்)

ஐந்து நாளுக்குக் குறைவு என்றால் வாடகை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயில் ஏறி இறங்குவது தனி வேலை. வேக ரயிலில் பைக்கைப் பிரித்துப் பைக்குள் வைத்தால்தான் ஏற்றுவார்கள். சைக்கிள் படம் போட்ட வட்டார ரயில்களில், பைக்குக்குத் தனிச் சீட்டு வாங்கினால் அப்படியே ஏற்றலாம்.

வாடகைக்கு எடுப்பவர் தம் பெடலையும் ஷூவையும் கொண்டுபோகவேண்டும். கிராங்க் அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை அளந்து, மில்லிமீட்டரில் எழுதி முன்கூட்டியே அனுப்புங்கள். 'எம் சைஸ்' என்று மட்டும் சொன்னால் கிடைப்பது அதிர்ஷ்டம்தான். பிரேக்கைக் கவனியுங்கள். உங்கள் பைக்கில் வலது லிவர் முன் சக்கரத்தைப் பிடிக்கும் என்றால், அங்கே பெரும்பாலும் இடது லிவர்தான் முன் பிரேக். எண்ணெய் பிரேக்கை உடனே இடம் மாற்றித் தர எந்தக் கடையும் விரும்பாது. சமதரையில் இருபது நிமிடம் பிடித்து விட்டுப் பழகிய பிறகே இறக்கத்துக்குப் போங்கள்.

சொந்த பைக் என்றால்: இடது பெடலின் மரை எதிர்த்திசையில் கழலும் (இதை மறந்து ஓங்கி இறுக்கியவர்கள் ஏராளம்). சீட்டுக் கம்பியில் டேப் ஒட்டி உயரத்தைக் குறியுங்கள். பின் டிரெய்லியரைக் கழற்றித் துணியில் சுற்றி உள்பக்கம் கட்டுங்கள். சக்கரத்தை எடுத்ததும் டிஸ்க் பிரேக் பேட் நடுவே பிளாஸ்டிக் துண்டைச் செருகுங்கள். இல்லாவிட்டால் யாரோ லிவரை அழுத்த, பேட் ஒட்டிக்கொள்ளும். ஹேண்டில்பாரைப் பிடிக்கும் ஸ்டெம்மின் போல்ட்டுக்கு இறுக்கம் பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டர். ஸ்டெம்மிலேயே எண் அச்சிட்டிருக்கும். உதிரி பேட்டரி எல்லாம் கைப்பையில். மின்சார பைக்கின் பேட்டரி பயணி விமானத்தில் ஏறவே ஏறாது. அதை அங்கேதான் வாடகைக்கு எடுக்கவேண்டும்.

கேள்வி: அங்குள்ள வெள்ளை மண் சாலைகளில் ரோடு பைக் ஓடுமா? (வாசகர், சுங்கை சிப்புட்)

ஓடும். 'ஸ்த்ராதே பியாங்கே' என்றால் வெள்ளைச் சாலைகள் என்றுதான் பொருள். தார் போடாமல் அவற்றைக் காப்பாற்ற வேண்டும் என்ற நோக்கில் 1997இல் கயோலேயில் லெரோய்கா சைக்கிள் ஓட்டம் தொடங்கியது. அக்டோபர் முதல் ஞாயிற்றுக்கிழமை நடக்கும் அதில் 1987க்கு முந்தைய வகை பைக்குகளுக்குத்தான் இடம். கியர் நெம்புகோல் சட்டக் குழாயில் இருக்கவேண்டும். அதன் நிரந்தரப் பாதையை ஆண்டு முழுவதும் யாரும் ஓட்டலாம். 2007இல் பிறந்த தொழில்முறைப் போட்டிக்கும் ஸ்த்ராதே பியாங்கே என்றே பெயர். அது சியேனாவின் நடுச்சதுக்கத்தில் முடியும். அதற்குச் சற்று முன் வரும் சாந்தா கத்தரீனா தெருவின் சரிவு 16 விழுக்காடு.

நம் செம்பனை எஸ்டேட் சாலையில் ஓட்டியவருக்கு இந்த மண் புதிதல்ல. காய்ந்தால் மேலே மாவு, அடியில் கூழாங்கல், லாரி ஓடிய இடத்தில் அலை அலையான மேடு. நனைந்தால் பிரேக்குக்கும் ஃபிரேமுக்கும் நடுவே சுண்ணாம்புச் சாந்தாக அடைத்துக்கொள்ளும். டயர் 32 மில்லிமீட்டர் என்றால் நிம்மதி, 28 என்றால் சமாளிக்கலாம், 25 வேண்டாம். 70 கிலோ ஆளுக்கு 32 டயரில் 55 முதல் 60 பிஎஸ்ஐ, 28இல் 70 அளவு. தார் ரோட்டுக் காற்றோடு மண்ணில் இறங்கினால் சக்கரம் துள்ளும், பிடிமானம் போகும். காற்றை மிகவும் குறைத்தால் கல்லில் மோதி டியூபில் பாம்புக் கடி போல இரட்டை ஓட்டை விழும். ஏற்றத்தில் எழுந்து நின்று மிதிக்காதீர்கள். பாரம் பின் சக்கரத்தை விட்டு விலகினால் அது நின்ற இடத்திலேயே சுழலும். இறக்கத்தில் வளைவுக்கு முன்பே பிரேக். வளைவுக்குள் முன் பிரேக்கைத் தொடாதீர்கள்.

கேள்வி: ஜூன் விடுமுறையில் போகலாமா? (வாசகி, கிள்ளான்)

ஜூன் முதல் பாதி நல்லது. ஜூலை, ஆகஸ்ட் வெயில் நம் வெயில் மாதிரி வியர்க்காது. வறண்டு 35 டிகிரியைத் தொடும், மரநிழலும் குறைவு. திராட்சை அறுவடையைப் பார்க்கவேண்டுமானால் செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் தொடக்கம் வரை. டிராக்டரிலிருந்து சிந்திய பழம் வளைவுகளில் நசுங்கி வழுக்கும். ஆலிவ் பறிப்பு அக்டோபர் கடைசியில் சூடுபிடிக்கும். மரத்தடியில் விரித்த வலை மேல் சைக்கிளை ஏற்றிவிடாதீர்கள். ஒன்றை நினைவில் வையுங்கள்: அக்டோபர் கடைசி ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுவார்கள். நவம்பர் தொடக்கத்தில் மாலை ஐந்தேகாலுக்குள் சூரியன் மறைந்துவிடும். வருடம் முழுக்க ஏழு மணிக்கு மேல் இருட்டும் ஊரிலிருந்து போகிறவர்களுக்கு இது நடுவழியில்தான் உறைக்கும்.

கேள்வி: வலப்பக்கம் ஓட்டுவது சிரமமா? வேறு என்ன சட்டம்? (வாசகர், ஜோர்ஜ்டவுன்)

ஓடிக்கொண்டிருக்கும்போது சிரமமில்லை. காப்பி குடித்துவிட்டு ஆளில்லாத சாலையில் மறுபடி ஏறும்போதுதான் கால் தானாக இடப்பக்கம் போகும். ஒவ்வொரு முறை நின்று புறப்படும்போதும் முன்னால் போகிறவர் 'வலம்' என்று குரல் கொடுக்கட்டும். வட்டச் சந்தியில் போக்கு கடிகாரத்துக்கு எதிர்த்திசை.

ஊருக்கு வெளியே ஒற்றை வரிசை. சூரியன் மறைந்து அரை மணி கழித்து ஊர் எல்லைக்கு வெளியே ஓட்டினாலும், சுரங்கத்துக்குள் எந்த நேரம் போனாலும், ஒளிரும் மேலங்கி கட்டாயம். ஃபுளோரன்ஸ்–சியேனா விரைவுச்சாலையில் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. அதன் பலகை பச்சையாக இல்லாமல் நீலமாக இருப்பதால் சாதாரணச் சாலை என்று ஏமாறுவார்கள்.

துணைக்கு வேன் வருகிறது என்றால், பழைய நகர மையங்களுக்குள் கேமரா வைத்த தடைப்பகுதி உண்டு. அனுமதியில்லாமல் நுழைந்தால் அபராதம் வாடகை நிறுவனம் வழியாக வீடு தேடி வரும். வேன் மதிலுக்கு வெளியே நிற்கட்டும். சான் ஜிமிஞானோவில் எழுபதுக்கு மேல் இருந்து இன்று 14 எஞ்சிய கோபுரங்களைப் பார்க்க, நீங்களும் பைக்கைத் தள்ளிக்கொண்டு நடப்பதே உத்தமம். மழை பட்ட கல்தளத்தில் ரோடு டயர் நிற்காது.

கேள்வி: நாங்கள் மது, பன்றி இறைச்சி தொடமாட்டோம், கூட வருகிறவர் சைவம். சாப்பாட்டுக்கு என்ன வழி? (வாசகர், ஆயர் ஈத்தாம்)

வழி இருக்கிறது, கேட்டுச் சாப்பிடவேண்டும். பருப்பும் பயறும் அங்கே தாராளம். ரிபொல்லீத்தா என்பது பீன்ஸும் கீரையும் பழைய ரொட்டியும் வெந்த குழம்பு. சில இடத்தில் இறைச்சிச் சாறு சேர்ப்பார்கள். பாப்பா அல் பொமொதோரோ என்பது தக்காளியில் ஊறிய ரொட்டி. தடித்த பீச்சி நூடுல்ஸைப் பூண்டுத் தக்காளிச் சாற்றோடு கேளுங்கள். பெப்போசோ போன்ற மாட்டிறைச்சிக் குழம்புகள் ஒயினிலேயே வேகும். 'சென்சா கார்னே' என்றால் இறைச்சி இல்லாமல். 'சென்சா வீனோ' என்றால் ஒயின் இல்லாமல். பார்மிஜானோ சீஸைக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த உறைபொருளால் தயாரிப்பதால், கண்டிப்பான சைவருக்கு அது ஆகாது.

டஸ்கனி ரொட்டியில் உப்பே கிடையாது. வியர்த்துக் களைத்தவர் அதை மட்டும் தின்றால் உப்பு திரும்பாது. சட்டைப்பையில் உப்புப் பொட்டலமோ தாது உப்பு மாத்திரையோ இருக்கட்டும். கிராமக் கடைகள் ஒரு மணியிலிருந்து நான்கு வரை மூடியிருக்கும். மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு மணிக்குள் உட்கார்ந்துவிடுங்கள். குழாயில் 'நோன் பொத்தாபிலே' என்றிருந்தால் குடிக்காதீர்கள்.

குழுவில் ஒயின் அருந்துகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: லிட்டருக்கு 0.5 கிராம் என்ற இரத்த ஆல்கஹால் வரம்பு சைக்கிள் ஓட்டுகிறவருக்கும் பொருந்தும். சுவைப்பு, பைக்கைப் பூட்டிய பிறகு.

கேள்வி: கோலாலம்பூரில் எங்கே பயிற்சி செய்வது? (பல வாசகர்கள்)

கோம்பாக் பழைய சாலையில் கெந்திங் செம்பா வரை எல்லாரும் ஏறுகிறார்கள். அது ஒரே நீள ஏற்றம், கியாந்தி அப்படியல்ல. அதன் நடுப்பகுதியில் ஆறேழு நிமிட ஏற்றத்தைத் தேர்ந்தெடுத்து, ஏறி இறங்கி ஐந்து முறை. வாரம் ஒன்று, எட்டு வாரம். பினாங்கில் தெலுக் பகாங் பக்கத்திலிருந்து தித்தி கெராவாங் ஏறி, பாலிக் பூலாவில் திரும்பி, மறுபக்கத்திலிருந்து ஏறுங்கள். இரண்டு தடவை.

கேள்வி: ஆலிவ் எண்ணெயை எப்படிக் கொண்டுவருவது? (வாசகி, ஈப்போ)

தகர டப்பாவில் வாங்கி, துணிகளுக்கு நடுவே வைத்துப் பெரிய பெட்டியில் அனுப்புங்கள். கைப்பையில் 100 மில்லிக்கு மேல் பல விமான நிலையங்களில் விடமாட்டார்கள். செம்பனைக் குலையை அறுத்த அன்றே ஆலைக்கு ஏற்ற அவசரப்படுவது எதனால் என்று தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும்: நேரம் போகப் போகப் பழத்தில் அமிலம் ஏறும். ஆலிவும் அப்படியே, நல்ல ஆலையில் பறித்த 24 மணி நேரத்துக்குள் அரைத்துவிடுவார்கள். டப்பாவில் அறுவடை ஆண்டைப் பாருங்கள். நவம்பரில் அரைத்த புது எண்ணெய் பச்சையாக இருக்கும், தொண்டையில் மிளகு போலக் காரும்; அது கெட்டுப்போன அடையாளமில்லை. அதில் கடுகு தாளித்து வீணாக்க வேண்டாம். சுடுசோற்றில் பருப்பைப் போட்டு, மேலே ஒரு கரண்டி பச்சையாக ஊற்றிப் பாருங்கள்.