அரசு பணத்துல கட்டுற மலிவு விலை வீட்டுத் திட்டங்கள்ல அரசியல்வாதிங்களோட சொந்த பிசினஸ் கலந்தா, முறையா டெண்டர் விட்டாலும் அது தப்பா?

கேள்வில நீங்க விளக்கமா எழுதினது இது: "லஞ்சம் வாங்கினா தப்பு, அது புரியுது. ஆனா ஓபன் டெண்டர்ல கலந்துக்கிட்டு, எல்லாரையும் விட கம்மி ரேட் கொடுத்து ஜெயிச்ச கம்பெனி, ஒரு மந்திரியோட மச்சானுக்கு சொந்தமா இருந்தா அதுல யாருக்கு என்ன நஷ்டம்?"

நஷ்டம் அந்த வீட்டுல குடி போறவங்களுக்குங்க. டெண்டரை மட்டும் பாத்தீங்கன்னா அது கண்ணுல படாது. டெண்டர் திறக்குற அன்னைக்கு எல்லாமே ஒழுங்கா நடக்கலாம், கவர் சீல் வச்சு வரும், ரேட்டை சத்தமா படிப்பாங்க, கம்மியா போட்டவருக்கு வேலை போகும். ஆனா காசு பண்ற இடம் அதுக்கு முன்னாடியும் இருக்கு, பின்னாடியும் இருக்கு. நான் கட்டுமானத்துல பில்லிங் பக்கம் வேலை பார்த்தவன், முடிஞ்ச வேலையை அளவெடுத்து எம்-புக்ல (அளவு புக்) ஏத்தி, ரன்னிங் பில் (வேலை நடக்க நடக்க போடுற பில்) போடுற வேலை, அதனால இந்த விஷயத்தை அந்தப் பக்கத்துல இருந்துதான் சொல்றேன்.

முதல்ல, ரோடு பாலம் மாதிரி வேலைக்கும் இதுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கு. ரோடு மோசமா போட்டா கலெக்டர் காரும் அதே குழியில இறங்கித்தான் ஆகணும். ஏழைங்களுக்கான வீட்டுல காசு கொடுக்குறது அரசு, குடியிருக்கப் போறது வேற ஆள். அவங்களுக்கு பிளான்லயும் பேச்சு கிடையாது, இடத்துலயும் கிடையாது, சுவர்ல கை வச்சா பூச்சு உதிருதேன்னு வேணாம்னு சொல்லவும் முடியாது, ஏன்னா வேணாம்னு சொன்னா லிஸ்ட்ல இருந்து பேர் போயிடும், அடுத்து எப்போ வரும்னு யாருக்கும் தெரியாது. சாதாரணமா வீடு விக்கிற பில்டருக்கு வாங்குறவன் பத்து தடவை வந்து தட்டிப் பார்ப்பான்ங்கிற பயம் இருக்கும். இங்க அந்த பயத்தை உண்டாக்க வேண்டிய ஒரே ஆள் அரசுதான். அந்த அரசுல முடிவெடுக்குற ஆளே மறுபக்கம் விக்கிறவனாவும் இருந்தா, வாங்குறவன் தரப்புல நிக்க ஒருத்தருமே இல்லாம போயிடுது. என்னைப் பொறுத்தவரை மொத்த பிரச்சனையும் இதுதான்.

இன்னொன்னு. இந்தத் திட்டங்கள்ல பெரும்பாலும் ஒரு வீட்டுக்கு இவ்ளோதான்னு உச்ச வரம்பு வச்சுடுவாங்க. அப்போ விலையை ஏத்தி லாபம் பாக்குற வழி குறுகலா இருக்கு. அதனால லாபம் வேற இடத்துக்கு ஓடும், நிலம், அட்வான்ஸ், தரம்னு.

நிலத்தைப் பத்தி கொஞ்சம் அதிகமா சொல்றேன், ஏன்னா பேப்பர்ல டெண்டர் பத்தி வர்ற அளவுக்கு இது வர்றதே இல்ல. ஆயிரம் வீடு எந்த இடத்துல கட்டணும்னு முடிவு பண்றதுக்கு டெண்டர் கிடையாது. அது ஒரு மீட்டிங்ல, ஒரு ஃபைல்ல, சில சமயம் ஒரு மேப் மேல பென்சில்ல முடிவாகுது. அந்த மேப் எப்போ எங்க விரியப் போகுதுன்னு முன்கூட்டியே தெரிஞ்சவங்க ரொம்ப சில பேர்தான். ஊருக்கு வெளிய யாரும் சீண்டாத நிலத்தை ஒரு கம்பெனி வாங்கும், கொஞ்ச நாள்ல பக்கத்துலயே மலிவு வீட்டுத் திட்டம் வரும், திட்டத்துக்காக அரசு செலவுல ரோடு, தண்ணி லைன், கரண்ட் எல்லாம் வரும், மீதி நிலத்தோட மதிப்பு ஏறிடும். இதுல அந்த கம்பெனி அரசுக்கு ஒரு செங்கல் கூட விக்கல, எந்த டெண்டர்லயும் கலந்துக்கல, ஆடிட்ல மாட்ட ஒரு பில் கூட கிடையாது. ஆனா அந்த இடத்துக்கு குடி போறவங்க வேலைக்குப் போக தினமும் ரெண்டு பஸ் மாறணும், பிள்ளைங்க ஸ்கூல் மாறணும், உடம்பு சரியில்லன்னா ஆஸ்பத்திரிக்கு பாதி சம்பளம் ஆட்டோவுக்குப் போகும். கட்டி முடிச்ச வீடு பூட்டியே கிடக்குறதை நிறைய நாட்டுல பாக்குறோம், ஜனங்களுக்கு நன்றி இல்லன்னு பேசுறவங்களும் இருக்காங்க, அந்த இடத்தை யார் ஏன் தேர்ந்தெடுத்தாங்கன்னு மட்டும் கேக்க மாட்டேங்கிறாங்க.

அடுத்தது அட்வான்ஸ். தென்னாப்பிரிக்காவுல ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்துல 2010-ல நடந்ததைப் பாருங்க. ஏழைங்களுக்கு வீடு கட்ட மத்தியில இருந்து வந்த நிதியை வருஷ முடிவுக்குள்ள செலவு பண்ணலன்னா வேற மாகாணத்துக்குப் போயிடும்னு ஒரு நிலைமை. உடனே பொருள் சைட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே சப்ளையர்களுக்கும் கான்ட்ராக்டர்களுக்கும் முன்பணமா கொடுத்துட்டாங்க, மொத்தம் 50 கோடி ராண்டுக்கும் மேல. அதுக்கு ஈடா வீடு எழும்பல. பின்னாடி, அரசு ஊழலை விசாரிக்க நீதிபதி தலைமைல அங்க போட்ட சோண்டோ கமிஷன் முன்னாடி இது விசாரணைக்கு வந்துச்சு. செலவு ஆகணும்ங்கிற அவசரமும், யாருக்கு செலவு பண்றதுன்னு தேர்ந்தெடுக்குற அதிகாரமும் ஒரே கையில இருந்தா இதுதான் நடக்கும்.

நம்ம நாட்டு உதாரணம்னா மகாராஷ்டிரா ஜல்காவ் ஊரோட கர்குல் (வீட்டுத் திட்டம்) கேஸ். 1990-கள்ல அந்த ஊர் நகராட்சி, ஹட்கோங்கிற மத்திய அரசு வீட்டுக் கடன் நிறுவனத்துக்கிட்ட கடன் வாங்கி குடிசைல இருக்குறவங்களுக்கு 11,000-க்கும் மேல வீடு கட்டித் தர்றதா திட்டம் போட்டுச்சு, முடிஞ்சது சுமார் 1,500 தான். வேலை போனது முன்னாள் மாநில மந்திரி சுரேஷ் ஜெயினுக்கு நெருக்கமானதுன்னு அரசு தரப்பு சொன்ன ஒரு பில்டர் கம்பெனிக்கு. 2006-ல நகராட்சி கமிஷனரே போலீஸ்ல புகார் கொடுத்தார், 2012-ல ஜெயின் கைதானார், 2019 ஆகஸ்ட் 31 அன்னைக்கு துலே ஸ்பெஷல் கோர்ட் 48 பேரை குற்றவாளின்னு சொல்லி, ஜெயினுக்கு 7 வருஷம் ஜெயில், 100 கோடி ரூபா அபராதம் போட்டுச்சு. அவர் அப்பீல் பண்ணி ஜாமீன்ல வந்தார். தண்டனை வாங்கின அந்த 48 பேர்ல பாதிக்கு மேல கவுன்சிலர்களா இருந்தவங்கங்கிறதை கவனிங்க. ஒரு ஆள் நினைச்சா மட்டும் இது நடக்காது, கூட்டத்துல தீர்மானம் வரும்போது கை தூக்க ஆள் வேணும். புகாருக்கும் தீர்ப்புக்கும் நடுவுல 13 வருஷம், திட்டம் போட்ட நாள்ல இருந்து கணக்கு போட்டா அந்த வீட்டுக்குக் காத்திருந்தவங்க பிள்ளைங்களுக்கே கல்யாணம் ஆகியிருக்கும்.

கை தூக்குற ஆளை எப்படி பிடிக்கிறாங்கன்னு தெரியணும்னா இங்கிலாந்துல பவுல்சன் விவகாரம் இருக்கு. ஜான் பவுல்சன் ஒரு ஆர்க்கிடெக்ட். நியூகாசில் நகர மன்றத் தலைவரா இருந்த டி. டான் ஸ்மித், சொந்தமா பப்ளிக் ரிலேஷன்ஸ் கம்பெனிங்க வச்சு, வேற வேற ஊர் கவுன்சிலர்களை அதுல 'ஆலோசகர்'னு சம்பளத்துக்கு வச்சுக்கிட்டார், அவங்க அவங்க ஊர்ல பவுல்சனுக்கு வேலை கிடைக்க வழி பண்ணாங்க. சம்பளம்னா அது சட்டப்படி வருமானம், வரியும் கட்டலாம், லஞ்சம்னு தோணவே தோணாது. பவுல்சன் திவாலானதால கணக்குப் புத்தகம் கோர்ட்டுக்கு வந்து எல்லாம் வெளிய வந்துச்சு. பவுல்சன் கம்பெனி ஒண்ணுல முன்னாடி சேர்மனா இருந்த உள்துறை மந்திரி ரெஜினால்ட் மாட்லிங் 1972-ல ராஜினாமா பண்ணார், பவுல்சனும் ஸ்மித்தும் 1974-ல ஜெயிலுக்குப் போனாங்க. எம்பிக்கள் தங்களோட பிசினஸ் தொடர்பை எல்லாம் பதிவு பண்ணணும்ங்கிற ரெஜிஸ்டர் அங்க வந்ததே அதுக்கு அப்புறம்தான்.

கம்பெனி சொந்தமா இருக்கணும்னு கூட அவசியமில்ல. அமெரிக்காவுல 1980-கள்ல வீட்டு வசதித் துறைல பழைய வாடகை வீடுகளை சரி பண்ணி ஏழைங்களுக்குக் கொடுக்க ஒரு திட்டம் இருந்துச்சு. எந்தப் பகுதிக்கு எவ்ளோ பங்குன்னு இருந்த கணக்கு 1984-ல தளர்ந்துச்சு, அதுக்கப்புறம் யாருக்குப் போகணும்ங்கிறது தலைமை ஆபீஸ் கைல வந்துருச்சு. உடனே பில்டருங்க தேட ஆரம்பிச்சது வீடு கட்டத் தெரிஞ்சவங்களை இல்ல, அந்த ஆபீஸுக்கு போன் பண்ணத் தெரிஞ்சவங்களை. முன்னாள் உள்நாட்டு வளத்துறை மந்திரி ஜேம்ஸ் வாட், வீட்டு வசதி பத்தி அனுபவமே இல்லாதவர், சில போன் கால், துறை மந்திரியோட ஒரு சந்திப்பு, இதுக்காக சுமார் 3 லட்சம் டாலர் ஆலோசனை ஃபீஸ் வாங்கினதை 1989-ல நாடாளுமன்ற கமிட்டி முன்னாடி அவரே ஒத்துக்கிட்டார். அந்தப் பணம் எந்த வீட்டுக் கணக்குல இருந்து போச்சுன்னு யோசிச்சுப் பாருங்க. ஸ்பெஷலா போட்ட விசாரணைல 17 கன்விக்‌ஷன் வந்துச்சு. துறை மந்திரி சாமுவேல் பியர்ஸ் மேல கேஸ் போடல.

இப்போ நான் வேலை பார்த்த பக்கம், அதாவது டெண்டருக்குப் பின்னாடி. கம்மி ரேட் போட்டு வேலை எடுத்தவர் அந்த ரேட்ல எப்படி லாபம் பாப்பார்னு வெளிய இருக்குறவங்க கேப்பாங்க. அதிக அளவு, கூடுதல் வேலைன்னு ஒரு பக்கம் பில் ஏறும், இன்னொரு பக்கம் கம்பி கம்மியாகும், சிமெண்ட் கலவை மெலியும், சுவருக்குத் தண்ணி விடுற நாள் குறையும். இதை தடுக்க வேண்டியது அளவெடுக்குற இன்ஜினியர். நான் பார்த்த வரைக்கும் யாரும் அவருக்கு போன் பண்ணி மிரட்ட மாட்டாங்க, அதுக்கு தேவையே இல்ல, கம்பெனி பின்னாடி யார் இருக்காங்கன்னு சைட்ல தண்ணி ஊத்துறவருக்கு கூட தெரியும். மத்த கான்ட்ராக்டர்னா பூச்சை உடைச்சுட்டு திரும்ப பூசுங்கன்னு சொல்ற அதே ஆள், இந்த சைட்டுக்கு வந்தா கொஞ்சம் பேசாம நிப்பார், அளவு புக்ல கையெழுத்துப் போட்டுட்டு போயிடுவார். அவர் ஒரு ரூபா வாங்கியிருக்க மாட்டார். அவருக்கு வீட்டுல பொண்டாட்டி பிள்ளை இருக்கு, டிரான்ஸ்ஃபர் ஆர்டர் போடுறவர் யாருன்னும் தெரியும். இதுக்கு எந்த லஞ்ச ஒழிப்பு சட்டத்துல கேஸ் போடுவீங்க? போட முடியாது. அதனாலதான் லஞ்சம் இருக்கா இல்லையான்னு தேடுறது பத்தாது, அந்த உறவே இருக்கக் கூடாதுன்னு சட்டம் சொல்லணும்ங்கிறேன்.

நம்ம சட்டம் ஓரளவு சொல்லுது, ஓட்டையோட. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951, பிரிவு 9ஏ, அரசோட நடப்புல இருக்குற கான்ட்ராக்ட் வச்சிருக்குற எம்பி, எம்எல்ஏவோட பதவியை பறிக்கும். ஆனா அது அவரே தன் தொழில்ல போட்ட கான்ட்ராக்டுக்கு. கம்பெனின்னு வந்தா அது சட்டத்துக்கு தனி ஆள், மனைவி, மகன், மச்சான் பேர்ல இருந்தா இன்னும் தூரம். ராஜ்யசபா உறுப்பினருங்களுக்கு பிசினஸ் தொடர்புகளை பதிவு பண்ற ரெஜிஸ்டர் இருக்கு, மக்கள் நேரா ஓட்டு போட்டு அனுப்புற லோக்சபாவுக்கு அப்படி ஒண்ணு கிடையாது.

அமெரிக்கால மத்திய அரசு வீட்டு நிதி உள்ளூர் அரசுக்குப் போகும்போது ஒரு விதி கூடவே போகுது: முடிவெடுக்குற பொறுப்புல இருக்குறவங்க, அவங்களோட நெருங்கின குடும்பம், பிசினஸ் கூட்டாளி, இவங்க யாரும் அந்தத் திட்டத்துல பண லாபம் வச்சுக்கக் கூடாது, பதவி போன அப்புறமும் ஒரு வருஷத்துக்கு. அந்தக் கடைசி ஒரு வருஷம் முக்கியம், இல்லன்னா ராஜினாமா பண்ணிட்டு மறுநாள் கையெழுத்துப் போடலாம். ஆஸ்திரியா இன்னும் ஒரு படி மேல. லாபத்துக்கு உச்ச வரம்பு வச்ச வீட்டு சங்கங்கள்தான் அங்க மலிவு வாடகை வீடு நிறைய கட்டுது, அதுக்கான 1979 சட்டத்துலயே சங்கம் கட்டுமானத் தொழில்காரங்களோட பிடிக்குள்ள இருக்கக் கூடாதுன்னு எழுதியிருக்கு. வீட்டுக்குக் காசு கொடுக்குற பக்கமும் கட்டி விக்கிற பக்கமும் ஒரே ஆளா ஆகிடக் கூடாதுன்னு நேராவே சொல்லிட்டாங்க. ஜெர்மனில நோய்யே ஹைமாட்னு தொழிற்சங்கங்களோட பிரம்மாண்டமான வீட்டு நிறுவனம் இருந்துச்சு, அதோட மேலதிகாரிங்களே மறைமுகமா கம்பெனி வச்சு சொந்த நிறுவனத்துக்கும் அதுல குடியிருந்தவங்களுக்கும் சேவை வித்து சம்பாதிச்சதை 1982-ல ஒரு வாரப் பத்திரிகை வெளிய கொண்டு வந்துச்சு, சில வருஷத்துல அந்த நிறுவனமே கலைஞ்சு போச்சு.

"அப்போ பிசினஸ் பண்றவங்க அரசியலுக்கே வரக் கூடாதா"ன்னு கமெண்ட்ல கண்டிப்பா வரும், அதனால இப்பவே சொல்லிடுறேன். தாராளமா வரட்டும், கட்டுமானம் தெரிஞ்ச ஒருத்தர் வீட்டு வசதி கமிட்டில இருந்தா நல்லதும் கூட. ஆனா அரசு வீட்டு வேலைல அவர் கம்பெனியோ அவர் குடும்ப கம்பெனியோ பதவிக்காலத்துல இருக்கக் கூடாது, அவ்ளோதான். தனியாருக்கு கட்டட்டும். சின்ன ஊர்ல மொத்தமே நாலு கான்ட்ராக்டர்தான், அதுல ரெண்டு பேர் கவுன்சிலரோட சொந்தக்காரங்கங்கிறதும் நிஜம்தான், அங்க அந்த கவுன்சிலர் அந்த விஷயம் பேசும்போது கூட்டத்தை விட்டு எழுந்து வெளிய போகணும், போனார்னு மினிட்ஸ்ல எழுதணும், அளவெடுக்குற வேலையை அவருக்குக் கட்டுப்படாத வேற ஊர் ஆளுங்க பண்ணணும். 'எனக்கு தொடர்பு இருக்கு'ன்னு சொல்லிட்டு அங்கேயே உக்காந்து ஓட்டு போடுறதுல பிரயோஜனம் இல்ல, அறைல இருக்குற எல்லாருக்கும் அவர் என்ன எதிர்பார்க்குறார்னு தெரிஞ்சிடும்.

உங்க பகுதில இப்படி ஒரு திட்டம் வருதுன்னா, கான்ட்ராக்டர் யாருன்னு கேக்குறதுக்கு முன்னாடி நிலத்தைக் கேளுங்க. அந்த சர்வே நம்பருக்கும் சுத்தி இருக்குற சர்வே நம்பர்களுக்கும் வில்லங்கச் சான்று போட்டு, அறிவிப்புக்கு முந்தின சில வருஷத்துல யார் வாங்கியிருக்காங்கன்னு பாருங்க, கம்பெனி பேர்னா கம்பெனி பதிவுல டைரக்டர் யாருன்னு தேடுங்க. அப்புறம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல மூணு விஷயம் கேளுங்க: இடத்தை தேர்ந்தெடுத்த கூட்டத்தோட மினிட்ஸ், கொடுத்த முன்பணத்தோட தேதி, அளவு புக்கோட நகல். முன்பணம் போன தேதியையும் அஸ்திவாரம் அளவெடுத்த தேதியையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தாலே நிறைய தெரியும். வேலை ஓடிட்டு இருக்கும்போதே கேளுங்க, ஏன்னா பைனல் பில் பாஸ் ஆயிட்டா பூச்சுக்குள்ள எவ்ளோ கம்பி இருக்குன்னு உடைச்சுப் பார்க்க யாரும் அனுமதி தர மாட்டாங்க.