சென்னையில் வாழ்ந்த நான்கு ஆண்டுகள் கணக்கில் வருமா?

ஜப்பானில் வாழும் தமிழர்களின் விசா, வரி, குடும்பப் பதிவு தொடர்பான கேள்விகளுக்கு, டோக்கியோவில் விசா ஆவண அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளராகப் பணிபுரியும் எங்கள் பகுதி ஆசிரியர் பதிலளிக்கிறார்.

கேள்வி: அன்புள்ள அக்காவுக்கு வணக்கம். நான் வளசரவாக்கத்துப் பெண். ஒரகடத்தில் கார் உதிரிபாகத் தொழிற்சாலைக்கு வந்திருந்த ஜப்பானியரை 2020 பிப்ரவரியில் சிறப்புத் திருமணச் சட்டப்படி பதிவு செய்து மணந்துகொண்டேன். நான்கு ஆண்டுகள் சென்னையிலேயே குடித்தனம். 2024 ஏப்ரலில் டோக்கியோ வந்தோம். முதலில் 1 ஆண்டு விசா கொடுத்தார்கள். நீட்டித்தபோதும் 1 ஆண்டுதான். பி.ஆர். (நிரந்தரக் குடியிருப்பு அனுமதி) கேட்கப் பத்து ஆண்டுகள் இங்கே இருந்திருக்க வேண்டும் என்கிறார் நிஷி கசாயில் இருக்கும் தோழி. ஓர் ஆண்டே போதும் என்கிறார் என் மாமியார். யார் சொல்வது சரி? இப்போது எனக்கு மூன்றாவது மாதம். பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போய் ஆறு மாதம் இருந்துவிட்டு வரலாம் என்று நினைக்கிறேன்.
- வாசகி, ஃபுனபோரி

பதில்: மாமியார் சொல்வதுதான் சரி. ஆனால் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார்.

பத்து ஆண்டு என்பது பொது விதி. வேலை விசாவில் வந்தவர்கள் அந்தக் கணக்கில்தான் காத்திருக்கிறார்கள். உங்கள் தோழியும் அந்த வரிசையில் இருப்பவராக இருக்கலாம். ஜப்பானியரின் கணவன் அல்லது மனைவிக்கு விதி வேறு. உண்மையான இல்லற வாழ்க்கை 3 ஆண்டுகளாவது தொடர்ந்திருக்க வேண்டும். அதோடு ஜப்பானில் இடைவிடாமல் 1 ஆண்டாவது வசித்திருக்க வேண்டும். அந்த 3 ஆண்டும் ஜப்பானில்தான் கழிந்திருக்க வேண்டும் என்று குடிவரவுத் துறையின் வழிகாட்டுக் குறிப்பு சொல்லவில்லை. ஆகவே வளசரவாக்கத்து வாழ்க்கை கணக்கில் வரும். கால அளவை மட்டும் பார்த்தால் 2025 ஏப்ரலிலேயே நீங்கள் தகுதி பெற்றுவிட்டீர்கள்.

ஆனாலும் இப்போதே விண்ணப்பிக்க முடியாது. ஏன்? உங்கள் சைர்யூ கார்டை, அதாவது வசிப்பு அட்டையை, எடுத்துப் பாருங்கள். அதில் 1 ஆண்டு என்று அச்சாகியிருக்கிறது. பி.ஆர். கேட்பவர், தம் விசா வகைக்குரிய மிக நீண்ட கால அனுமதியைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்பது இன்னொரு நிபந்தனை. மனைவி விசாவுக்கு 6 மாதம், 1 ஆண்டு, 3 ஆண்டு, 5 ஆண்டு என நான்கு அளவுகள் உண்டு. 3 ஆண்டு அட்டையையும் நீண்ட காலமாகவே எடுத்துக்கொள்ளும் சலுகை இருக்கிறது. அது தற்காலிகச் சலுகைதான், அதை நம்பி வருடக்கணக்கில் தள்ளிப்போட வேண்டாம். 1 ஆண்டு அட்டைக்கு அந்தச் சலுகையும் இல்லை. எங்கள் அலுவலகத்துக்கு வரும் தம்பதிகளில் பலர் திருமணத் தேதியை நுனிவிரலில் வைத்திருக்கிறார்கள். அட்டையில் உள்ள எண்ணை மட்டும் பார்ப்பதே இல்லை.

எனவே இப்போது உங்கள் வேலை, வருகிற ஏப்ரல் நீட்டிப்பில் 3 அல்லது 5 ஆண்டு வாங்குவது. விண்ணப்பப் படிவத்தில் எத்தனை ஆண்டு வேண்டும் என்று கேட்கும் கட்டம் ஒன்று இருக்கிறது. கூச்சப்படாமல் 5 என்று எழுதுங்கள். கேட்டதைக் கொடுத்துவிடுவார்கள் என்பதில்லை. 1 என்று நீங்களே எழுதிவிட்டு அதிகாரியைக் குறை சொல்ல முடியாது அல்லவா? கேட்ட பட்டியலை மட்டும் கொடுத்துவிட்டு நிற்காமல், கணவரின் பணிச் சான்றிதழ், இருவரின் வரிச் சான்றிதழ்கள், சென்னையில் சேர்ந்து வாழ்ந்ததற்கான சான்றுகள், ஒரு பக்க விளக்கக் கடிதம் ஆகியவற்றையும் இணையுங்கள்.

சென்னைச் சான்றுகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் பலர் சோம்பல் படுகிறார்கள். திருமணத்தைச் சென்னையிலுள்ள ஜப்பான் தூதரக அலுவலகத்திலோ உங்கள் கணவரின் ஊர் நகராட்சியிலோ தெரிவித்திருப்பீர்கள். திருமணம் நடந்து 3 மாதத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. அதன்படி கணவரின் கோசெகியில், அதாவது குடும்பப் பதிவேட்டில், திருமணத் தேதியும் இந்திய முறைப்படி நடந்தது என்ற குறிப்பும் ஏறியிருக்கும். கோசெகியோடு சேர்ந்த முகவரிப் பதிவு ஒன்றும் உண்டு; அவர் எப்போது இந்தியாவுக்குக் குடிபெயர்ந்தார், எப்போது திரும்பினார் என்பதை அது காட்டும். இவை காகிதத்தில் மணமானதைக் காட்டும். ஒரே வீட்டில் வாழ்ந்ததைக் காட்ட, வாடகை ஒப்பந்தம், அவர் வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்தில் பதிந்த முகவரி, கணவர் பெயர் ஏறிய உங்கள் பாஸ்போர்ட், கூட்டு வங்கிக் கணக்கு ஆகியவை உதவும். பண்டிகை, பயணம், உறவினர் வீடு என்று வெவ்வேறு ஆண்டுகளில் எடுத்த சில படங்களும் போதும். கல்யாண ஆல்பம் முழுவதையும் கட்டிச் சுமந்து ஷினகாவா குடிவரவு அலுவலகத்துக்கு வராதீர்கள். ஆங்கிலம், தமிழ் ஆவணங்களுக்கு ஜப்பானிய மொழிபெயர்ப்பு வேண்டும். அதை நீங்களே செய்து, அடியில் மொழிபெயர்த்தவர் பெயரை எழுதலாம். எங்களைப் போன்றவர்களுக்குப் பணம் கொடுத்துத்தான் செய்ய வேண்டும் என்பதில்லை. இதை எழுதியதற்கு என் முதலாளி என்ன சொல்வாரோ!

அடுத்தது வரி, ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு. ஜப்பானியரின் துணைவருக்கு வரிச் சான்று 3 ஆண்டுகளுக்கு, மற்ற இரண்டும் 2 ஆண்டுகளுக்குக் கேட்பார்கள். உங்கள் கணவர் இந்தியாவில் இருந்த ஆண்டுகளுக்கு ஜூமின்சேய், அதாவது குடியிருப்பு வரி, இருக்காது. ஜனவரி 1 அன்று ஜப்பானில் முகவரி உள்ளவருக்குத்தான், அதுவும் முந்தைய ஆண்டு வருமானத்தின் மீதுதான், அந்த வரி. இல்லாத ஆண்டுக்கு ஏன் இல்லை என்பதை விளக்கக் கடிதத்தில் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். நிறுவனம் அவரை அனுப்பி வைத்திருந்தால், 2016 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த இந்திய-ஜப்பான் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தப்படி அவர் ஜப்பானிய ஓய்வூதியத்திலேயே தொடர்ந்திருக்கலாம். அந்தப் பதிவையும் எடுத்து வையுங்கள். சம்பளத்திலேயே பிடித்தம் ஆகிறவர்களுக்குத் தொல்லை இல்லை. தாமே கட்டுபவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். விண்ணப்பிக்கும் முன் பாக்கியை மொத்தமாகக் கட்டிவிட்டால் போதும் என்று எண்ணுகிறார்கள். கெடு தாண்டிக் கட்டியதும் பாதகமாகவே பார்க்கப்படும்.

இனி பிரசவம். ஆறு மாதம் போகாதீர்கள் என்பதே என் கருத்து. இத்தனை நாள்தான் வெளியே இருக்கலாம் என்று வழிகாட்டியில் எண் எதுவும் இல்லை. இருந்தாலும் ஒரே மூச்சில் மூன்று மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் இடைவிடாமல் வசித்தார் என்பதில் கேள்வி எழும். அதைவிடப் பெரிய ஆபத்து, உங்கள் அட்டை காலாவதியாகும்போது நீங்கள் சென்னையில் இருப்பது. நீட்டிப்பை இங்கே இருந்துதான் கேட்க முடியும். காலாவதிக்கு 3 மாதம் முன்பிருந்து கேட்கலாம். அம்மாவைக் குறுகிய கால விசாவில் இங்கே வரவழைக்க முடியுமா என்று பாருங்கள். 90 நாள் வரை அனுமதி கிடைக்கும். பத்தியச் சமையலுக்குத் தேவையான பொருள்கள் நிஷி கசாய்க் கடைகளில் கிடைக்கும். பிரசவ உதவித்தொகையும் 2023 ஏப்ரலிலிருந்து 5 லட்சம் யென் ஆகியிருக்கிறது.

அம்மா வீட்டில்தான் என்று உறுதியாக இருந்தால், அதைத் தவறு என்று சொல்ல நான் யார்? ஜப்பானியப் பெண்களும் பிரசவத்துக்குத் தாய்வீடு போகிறார்கள். ஆனால் ஒன்றை மறக்காதீர்கள். இந்தியாவில் பிறக்கும் உங்கள் குழந்தைக்கு இந்தியக் குடியுரிமையும் பிறப்பிலேயே வரும். 3 மாதத்துக்குள் தூதரக அலுவலகத்தில் பிறப்பைப் பதிந்து, ஜப்பானியக் குடியுரிமையைத் தக்கவைக்கும் விருப்பத்தையும் தெரிவிக்காவிட்டால், அந்தக் குடியுரிமை பிறந்த நாளிலிருந்தே இல்லாமல் போய்விடும். பி.ஆர். ஒரு வருடம் தள்ளிப்போனால் பரவாயில்லை, இந்தக் கெடுவைத் தவறவிடக் கூடாது.

கேள்வி: எனக்கு இந்த ஆண்டு பி.ஆர். கிடைத்தது. திருமணமாகி ஐந்து ஆண்டுகள். மனைவி மூன்றரை ஆண்டுகள் மதுரையில் என் பெற்றோருடன் இருந்துவிட்டு ஒன்றரை ஆண்டுக்கு முன்தான் இங்கு வந்தார். அவருக்கும் 3 கூட்டல் 1 கணக்கு பொருந்துமா?
- வாசகர், யோகோஹாமா

பதில்: பி.ஆர். உள்ளவரின் மனைவிக்கும் அதே விதிதான். ஆனால் மேலே உள்ள ஃபுனபோரி வாசகியும் கணவரும் ஒரே கூரையின்கீழ் இருந்தார்கள். நீங்கள் யோகோஹாமாவில், அவர் மதுரையில். விதியில் உள்ள சொல் உண்மையான இல்லறம். பணம் அனுப்பியதையும் விடுமுறைக்குப் போய் வந்ததையும் காட்டி வாதிடலாம்; நான் உங்கள் இடத்தில் இருந்தால் மனைவி இங்கே வந்த நாளிலிருந்து மூன்று ஆண்டு எண்ணிக்கொண்டு பொறுத்திருப்பேன். முதல் வேலையாக அவருடைய குடும்ப விசாவை, நிரந்தரவாசியின் துணைவர் விசாவாக மாற்றுங்கள். குடும்ப விசாவில் அனுமதி பெற்றும் வாரத்துக்கு 28 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்ய முடியாது. அந்த வரம்பை மீறியிருந்தால் பின்னால் இடிக்கும்.

உங்களைக் கேட்காமலே ஒன்று சொல்கிறேன். வரியைக் குறைக்க ஊரிலுள்ள அப்பா, அம்மா, மாமனார், மாமியார் எல்லோரையும் சார்ந்தவர்களாகக் காட்டியிருக்கிறீர்களா? 2023 முதல், வெளிநாட்டில் இருக்கும் 30 முதல் 69 வயதுவரை உள்ள உறவினர் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு 3,80,000 யென்னாவது அனுப்பியதைக் காட்டினால்தான் பொதுவாகக் கழிவு உண்டு. ஆதாரம் இல்லையென்றால் வரித் திருத்தம் செய்துவிட்டு, பிறகு மனைவிக்கு விண்ணப்பியுங்கள். உங்கள் வரிச் சான்றுதான் அவருடைய கோப்பின் முதுகெலும்பு.

கேள்வி: மனைவி விசாவிலிருந்து பி.ஆர். வாங்கினால் இந்திய பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டுமா? பிறகு இரண்டு ஆண்டு கோவையில் தங்கலாமா?
- வாசகி, நகோயா

பதில்: ஒப்படைக்க வேண்டாம். நீங்கள் இந்தியக் குடிமகளாகவே இருப்பீர்கள். விவாகரத்தோ கணவர் மறைவோ நேர்ந்தாலும் பி.ஆர். போகாது, வீட்டுக் கடன் கேட்கும்போது வங்கியும் கொஞ்சம் சிரித்த முகத்தோடு பேசும். இரண்டு ஆண்டு வெளியே இருப்பதானால், திரும்பி வருவேன் என்று விமான நிலையப் படிவத்தில் கட்டத்தை நிரப்பிவிட்டுப் போகும் எளிய முறை உதவாது. அது 1 ஆண்டுக்குத்தான், வெளிநாட்டிலிருந்து நீட்டிக்கவும் முடியாது. புறப்படும் முன்பே குடிவரவு அலுவலகத்தில் மறுநுழைவு அனுமதி வாங்குங்கள். 5 ஆண்டு வரை தருவார்கள். அட்டையை 7 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், அதையும் இங்கே வந்துதான் செய்ய முடியும்.