பேகன் வீட்டுக்குப் போனானா?

கேள்வி: ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். மாணவர் கட்டுரைப் பக்கத்துக்குச் 'சமூகம், சமயம், இலக்கியம்' என்று மூன்று பிரிவு அறிவித்தீர்கள். என் மாணவி 'மயிலுக்குப் போர்வை தந்த மாவள்ளல்' என்று ஒரு பிழைகூட இல்லாமல் எழுதி அனுப்பினாள். திருப்பி அனுப்பிவிட்டீர்கள். ஆனால் போன இதழில் கொடைக்கானல் மேல்மலைப் பெண் ஒருத்தி எழுதியதை முழுப் பக்கம் போட்டிருக்கிறீர்கள். முன்னுரை இல்லை, முடிவுரை இல்லை, ஒற்றுப்பிழை ஏராளம். போதாததற்கு, அப்பா குடிப்பதையெல்லாம் எழுதியிருக்கிறாள். பிள்ளைகளுக்கு இதுதான் முன்மாதிரியா?
— தமிழாசிரியை ஒருவர், கீழ்மலை

பதில்: உங்கள் கோபத்தில் பாதி நியாயம், டீச்சர். ஒற்றுப்பிழைகளைத் திருத்தாமல் விட்டது எங்கள் சோம்பல். மெய்ப்புப் பார்க்கிறவர் அந்த வாரம் மகள் கல்யாணத்துக்குப் போய்விட்டார். நானும் அவசரத்தில் அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். அந்தப் பழியை அந்தப் பெண் தலையில் கட்டாதீர்கள்.

மீதிப் பாதிக்கு வருகிறேன். உங்கள் மாணவி கட்டுரையின் நகல் இன்னும் என்னிடம் இருக்கிறது. முத்து முத்தான கையெழுத்து. 'வானுயர்ந்த மலைகளும் வளம் கொழிக்கும் சோலைகளும் சூழ்ந்த' என்று தொடங்குகிறது. கதவைத் திறந்தால் மலை நிற்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு, அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் எழுதிய வரி. நம் மலையில் சோலை என்றால் அடர்காடு என்று அவளுக்குத் தெரியாதா? உள்ளே போனால் சட்டை நனையும், காலில் அட்டை ஏறும், பட்டப்பகலில் இருட்டாக இருக்கும். கட்டுரையில் அது பூந்தோட்டம் ஆகிவிட்டது.

அப்புறம் பேகன் வருகிறான். வையாவிக் கோப்பெரும் பேகன், நம் பழனி மலைப் பக்கத்து ஆள், கடையெழு வள்ளல்களில் ஒருவன், மயிலுக்குப் போர்வை தந்தவன். 'உடாஅ போரா ஆகுதல் அறிந்தும்' (மயில் உடுத்தாது, போர்த்தாது என்று தெரிந்தும்) என்ற மேற்கோள் சரியான இடத்தில் இருக்கிறது. எல்லாம் சரி. தேர்வுத்தாள் என்றால் நானும் முழு மதிப்பெண் போடுவேன். ஆனால் புறநானூற்றின் 141, 142 ஆகிய பாட்டுகளோடு கட்டுரை நின்றுவிடுகிறது. (நின்றது அவளா, அவள் வைத்திருந்த நோட்ஸா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு.)

ஒரு பக்கம் திருப்பியிருந்தால் 143 இருக்கிறது. கபிலர் பாட்டு. குறவர்கள் மலைமேல் மேகம் கவிய வேண்டும் என்று பலி தூவிக் கும்பிடுகிறார்கள். மழை கொட்டுகிறது. போதும், மேகம் மேலே போகட்டும் என்று மறுபடி கும்பிடுகிறார்கள். நின்றதும் சந்தோஷமாகத் தினைச் சோறு சாப்பிடுகிறார்கள். கிழங்கு அழுகிவிடுமோ என்று வானத்தைப் பார்த்து நிற்கிற மேல்மலைக்காரர் யாரும் இதைப் படித்தால் சிரித்துவிடுவார். சமயப் பிரிவுக்கு இந்த ஒரு காட்சியே போதும்.

அதே பாட்டில்தான் பசியோடு ஒரு சிற்றூர் வாசலில் நின்று பேகனையும் அவன் மலையையும் பாடுகிறார் கபிலர். பாட்டைக் கேட்ட ஒரு பெண் அழுகிறாள், குழல் அழுவதுபோல. யார் அவள், பாவம் என்று பேகனிடமே வந்து கேட்கிறார். அவள் அவன் மனைவி கண்ணகி; சிலம்பின் கண்ணகி வேறு. பேகனோ 'முல்லை வேலி நல்லூரில்' இன்னொருத்தியைத் தேடித் தேரில் போய்வந்துகொண்டிருக்கிறான் என்று 144 சொல்கிறது. ஊருக்கே தெரிந்த விஷயம்.

145-ஐ உங்கள் வகுப்பில் ஒரு நாள் உரக்கப் படியுங்கள். மயில் குளிரில் நடுங்குமே என்று இரங்கிப் போர்வை தந்தவனே என்றுதான் பரணர் ஆரம்பிக்கிறார். புகழ்ச்சி என்று நினைத்துப் பேகன் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பான். அடுத்து வருகிறது: 'பசித்தும் வாரேம் பாரமும் இலமே'. பசித்து வரவில்லை, சோறு போட வேண்டிய சுற்றமும் எங்களுக்கு இல்லை. நாங்கள் கேட்கிற பரிசில் ஒன்றுதான். இன்றிரவே தேரேறிப் போய் அவள் துயரத்தைத் தீர். அரிசில்கிழார் 146-இல் நீ தரும் நகையும் செல்வமும் வேண்டாம் என்றே சொல்லிவிடுகிறார். 147-இல் பெருங்குன்றூர்கிழாருக்கும் இதே வேண்டுதல்தான். நாலு புலவர்கள், ஐந்து பாட்டு, கேட்டது எல்லாம் ஒரு பெண்ணுக்காக. உங்கள் மாணவி வள்ளன்மைக்குச் சான்றாக வைத்த அந்த மயிலைத்தான் பரணர் அவன் முகத்துக்கு நேரே நீட்டுகிறார். கண்ணகியின் பெயர் அவள் கட்டுரையில் ஓரிடத்தில்கூட இல்லை. அதனால் திருப்பி அனுப்பினேன். காரணம் எழுதாமல் அனுப்பியது தப்பு, ஒத்துக்கொள்கிறேன்.

இப்போது அந்த மேல்மலைப் பெண். வீட்டு விஷயத்தை எழுதலாமா என்று கேட்கிறீர்கள். பரணரிடமும் அதைக் கேட்க வேண்டியிருக்கும். அவள் எழுதியது இவ்வளவுதான்: பூண்டைப் பிடுங்கித் தாளோடு கட்டி, அடுப்புக்கு மேல் பரணில் புகைபடப் போட்டு வைப்போம். விலை ஏறினால் அப்பா வடுகபட்டிப் பூண்டுச் சந்தைக்கு ஏற்றிக்கொண்டு போவார். 'அப்பா திரும்பி வரும் ராத்திரி எங்கள் வீட்டில் பூண்டு வாசம் இருக்காது.' அடுத்த வரியில் பாட்டி மறுநாள் விதைப்பூண்டு உரிக்க உட்காருகிறார். குடி என்ற சொல் அந்தக் கட்டுரையில் எங்கேயும் இல்லை, டீச்சர். எடுத்துப் பாருங்கள். நீங்களாகப் படித்துக் கண்டுபிடித்தது அது. 'மது நாட்டுக்குக் கேடு' என்று வந்திருந்த கட்டுரைகளில் ஒன்றாவது உங்களுக்கு இப்படி நினைவில் நின்றதா? அச்சுக்குப் போகும் முன் அவள் அம்மாவிடம் போனில் கேட்டேன். பெயரும் ஊரும் போடாதது அவர் சொல்லித்தான்.

சமூகப் பிரிவில் வந்தவை பெரும்பாலும் பிளாஸ்டிக். கடலாமை வயிற்றில் பிளாஸ்டிக், திமிங்கிலம் வயிற்றில் பிளாஸ்டிக். கொடைக்கானல் பிள்ளைகள் கடலாமைக்கு அழுகிறார்கள். இங்கே தெருவில் குப்பைத் தொட்டியைக் கவிழ்த்து மேய்கிற காட்டுமாடு ஒரு கட்டுரையிலும் இல்லை. 2024 மே மாதம் வெளியூர் வண்டி மேலே வர இ-பாஸ், அதாவது இணையத்தில் வாங்கும் அனுமதிச் சீட்டு, கட்டாயம் ஆனது. லாட்ஜ், டாக்சி, பழக்கடை வைத்திருப்பவர்கள் வீடுகளில் அதைப் பற்றித் தினமும் பேச்சு ஓடுகிறது. அதையும் யாரும் எழுதவில்லை.

சமயப் பிரிவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. 'மதங்கள் யாவும் அன்பையே போதிக்கின்றன' என்ற கட்டுரைகளுக்கு நடுவே ஒரு பையனுடையது வந்தது. திருவிழாவில் சப்பரம் எங்கள் தெரு முனைவரை வந்து திரும்பிவிடும், கல்லறைத் தோட்டத்திலும் எங்கள் ஆட்களுக்குத் தனி மூலை, செத்த பிறகும் ஏன் என்று கேட்டிருந்தான். சப்பரத்தைப் போட்டேன், கல்லறையை வெட்டிவிட்டேன். எந்த ஊர் என்று தெரிந்துவிடும், பையனுக்குத் தொந்தரவு வரும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் தொந்தரவு எனக்கு வரும் என்று பயந்தேன். இதழ் வந்த மூன்றாம் நாள் அவனிடமிருந்து ஒரு அஞ்சலட்டை: 'ஐயா, என் கடைசி வரி எங்கே?' வேறு ஒன்றும் எழுதவில்லை. அடுத்த இதழில் அந்த வரி வரும்.

பார்த்தீர்களா, வாசகர்களுக்குப் பிடிக்குமா என்று பயந்து வரியை விடுகிற பழக்கம் உங்கள் மாணவிக்கு மட்டும் இல்லை.

அவளிடம் ஒன்று சொல்லுங்கள். 143 முதல் 147 வரை படிக்கட்டும். பேகன் அன்றிரவு தேரேறிப் போனானா என்று அந்த ஐந்து பாட்டிலும் இல்லை. போனானா, போயிருந்தால் கண்ணகி கதவைத் திறந்தாளா? அவளுக்குத் தோன்றுவதை எழுதட்டும். ஒரு பக்கம் ஒதுக்கி வைத்திருக்கிறேன். முன்னுரை வேண்டாம். ஒற்றுப்பிழையை இந்தத் தடவை நானே பார்த்துக்கொள்கிறேன்.