எல் சால்வடோரின் லா பால்மா: ஒரு நாளில் பார்த்துவிடலாமா, தங்க வேண்டுமா?

லா பால்மா ஒரு கலை ஊர். அதாவது பலருக்குப் பிழைப்பே ஓவியமும் கைவினையும்தான். மத்திய அமெரிக்க நாடான எல் சால்வடோரில், ஹோண்டுராஸ் எல்லைக்குப் பக்கத்தில், சலாதெனாங்கோ மலைப்பகுதியில் இருக்கிறது.

இது கலை ஊரானதற்குக் காரணம் ஃபெர்னாண்டோ யோர்ட் என்ற ஓவியர். 1970களில் இங்கே குடிவந்தவர், கோபினோல் என்ற மரத்தின் விதையைத் தேய்த்து அதன் வெள்ளைப் பரப்பில் குட்டிக் குட்டியாக வீடு, பறவை, பூ என்று வரைந்து, அதையே ஊர்க்காரர்களுக்கும் சொல்லிக்கொடுத்து, பட்டறையும் தொடங்கினார். ஒரு வீட்டுப் பாட்டியின் கைப்பக்குவம் தெரு முழுக்கப் பரவுகிற மாதிரி அந்தப் பாணி வீடு வீடாகப் போய்விட்டது.

அதனால்தான் ஓர் இரவாவது தங்கச் சொல்கிறேன். சுவரோவியங்களைப் பார்க்க ஒரு மணி நேரம் போதும், ஆனால் மரத்தை இழைப்பவர், கோடு போடுபவர், வண்ணம் தீட்டுபவர் என்று வேலை கைமாறுவதைப் பட்டறையில் நின்று நிதானமாகப் பார்ப்பதில்தான் இந்த ஊரே இருக்கிறது. தலைநகர் சான் சால்வடோரிலிருந்து பஸ் உண்டு, செலவுக்கு அமெரிக்க டாலர், இரவில் குளிரும், ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம், நாட்டின் மிக உயரமான எல் பிதால் மலை (2,730 மீட்டர்) பக்கம்தான்.

பலர் இந்த ஊர் ஓவியங்களை, இப்பகுதியின் பழங்குடி நாகரிகமான மாயாவின் பழைய ஓவியம் என்று நினைக்கிறார்கள். இல்லை, இந்தப் பாணிக்கு வயது சுமார் ஐம்பதுதான்.