பூட்டிய கடையும் ஆறு மாதக் கணக்கும்

கேள்வி (கடிதத்தின் சுருக்கம்): பாலக்காட்டில் கல்பாத்தி அக்ரகாரத்தில் ஒரு வீட்டின் முன்பக்க அறையில் 31 வருடமாக அப்பளமும் கொண்டாட்டம் என்கிற வற்றலும் விற்று வருகிறேன். வாடகைச் சீட்டு கிடையாது, வாய்ப்பேச்சுதான். மும்பையில் இருந்த பழைய உரிமையாளர் சென்ற தை மாதம் வீட்டை விற்றுவிட்டார். எனக்கு வேண்டுமா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. வாங்கியவர் அங்கே காப்பிக் கடையும் தங்கும் அறைகளும் தொடங்கப் போகிறாராம். கோலம் போட்ட வாசல்களில் இன்று கார்கள் நிற்கின்றன, பக்கத்து வீட்டுத் திண்ணையை இடித்துவிட்டார்கள். புதியவர் மாசியிலிருந்து வாடகையை வாங்க மறுக்கிறார். என் மனைவியின் முழங்கால் அறுவை சிகிச்சைக்காக சித்திரை விஷு முடிந்த மறுவாரம் கடையைப் பூட்டிவிட்டுக் கோயம்புத்தூரில் மகள் வீட்டுக்கு வந்தோம். அவள் நன்றாக நடமாடத் தொடங்கிவிட்டாள். நான் இங்கேயே அப்பளம் போட்டு நாலைந்து கடைகளுக்குக் கொடுத்து வருகிறேன். வந்து கேட்கட்டும் என்று அங்கே பூட்டியே வைத்திருக்கிறேன். ஐப்பசித் தேருக்குப் போய்த் திறக்கலாம் என்று எண்ணம். ஆவணி ஓணம் முடிந்து இதை எழுதுகிறேன். 66 வயதில் என்னை வெளியேற்ற முடியுமா?

பதில்: உங்கள் கடிதம் ஆறு பக்கம். அதில் ஐந்தரைப் பக்கத்தை நான் ஒதுக்கி வைக்க வேண்டியிருக்கிறது. பழைய உரிமையாளர் உங்களிடம் கேட்காமல் விற்றது வருத்தத்துக்குரியது, ஆனால் வாடகைதாரர் என்பதற்காக வீட்டை முதலில் வாங்கும் உரிமை உங்களுக்குச் சட்டத்தில் இல்லை. திண்ணை இடிபட்டதைப் பற்றி நகரசபையில் மனுக் கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும், ஆனால் அது உங்கள் வாடகை உரிமையை ஒரு நாள்கூட நீட்டித் தராது. எழுத்தில் சீட்டு இல்லையே என்ற உங்கள் கவலையும் வேண்டாதது. வாய்ப்பேச்சு வாடகைக்கும் 1965-ஆம் வருடத்துக் கேரள கட்டட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பொருந்தும். வீடு கைமாறியதால் உங்கள் உரிமை அழிந்துவிடவில்லை, வாங்கியவர் பழையவரின் இடத்துக்கு வந்திருக்கிறார், அவ்வளவுதான்.

இந்த விஷயத்தில் சட்டம் கவனிக்கப்போவது கடைசிப் பக்கத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரியைத்தான்: விஷு முடிந்து பூட்டிய கடை இன்னும் பூட்டியே இருக்கிறது.

அந்தச் சட்டத்தின் 11-ஆவது பிரிவின் 4-ஆவது உட்பிரிவில் ஐந்தாம் கூறு என்று ஒன்று இருக்கிறது. தகுந்த காரணம் இல்லாமல் வாடகைதாரர் தொடர்ந்து ஆறு மாதம் கட்டடத்தைப் பயன்படுத்தாமல் விட்டால், அதை மட்டுமே காரணமாகக் காட்டி உரிமையாளர் காலி செய்யும் உத்தரவு வாங்கலாம். வாங்கியவர் ஏன் இத்தனை அமைதியாக இருக்கிறார் என்று உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கிறதாம். எனக்கு அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. கிரயத்துக்கு வாங்கியவர் தன் சொந்தத் தேவைக்காகக் காலி செய்யச் சொல்லி மனுப் போட வேண்டுமென்றால், பத்திரத் தேதியிலிருந்து ஒரு வருடம் காத்திருக்க வேண்டும், அதாவது வரும் தை வரைக்கும் அவர் கை கட்டப்பட்டிருக்கிறது. பூட்டிக் கிடக்கும் கடைக்கு அந்த ஒரு வருடத் தடை கிடையாது. விஷுவுக்கு மறுவாரத்திலிருந்து எண்ணினால் ஐப்பசி முதல் வாரத்தில் ஆறு மாதம் நிறைந்துவிடுகிறது, தேரோ ஐப்பசிக் கடைசியில் வருகிறது. தேர் வடம் பிடிக்கிற அன்று நீங்கள் பூட்டைத் திறக்கும்போது வாடகை வழக்குகளை விசாரிக்கும் பாலக்காடு முன்சிஃப் கோர்ட்டில் உங்கள் பேரில் மனு எண்ணிடப்பட்டிருக்கலாம்.

மனைவியின் சிகிச்சை தகுந்த காரணம்தானே என்று கேட்பீர்கள். முதல் இரண்டு மாதத்துக்கு அது நல்ல காரணம். ஆஸ்பத்திரிச் சீட்டுகளைப் பத்திரமாக வையுங்கள். ஆனால் அவர் நடமாடத் தொடங்கிவிட்டார் என்றும், நீங்கள் கோயம்புத்தூரிலேயே தொழில் செய்கிறீர்கள் என்றும், பிடிவாதமாகத்தான் பூட்டி வைத்திருக்கிறேன் என்றும் நீங்களே உங்கள் கைப்பட எழுதியிருக்கிறீர்கள். இதே வார்த்தைகளை வாட்ஸ்அப்பில் வேறு யாருக்காவது அனுப்பியிருந்தால் இனி ஒரு வரிகூட அனுப்பாதீர்கள்.

இந்தக் கூறில் கட்சிக்காரர்கள் எப்படி விழுகிறார்கள் என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். வாரம் ஒரு நாள் திறந்தேன், சரக்கு உள்ளேதான் இருந்தது என்று என் கட்சிக்காரர் ஒருவர் சத்தியம் செய்தார். கோர்ட் அனுப்பிய அட்வகேட் கமிஷனர் பூட்டைத் திறக்கச் சொல்லி உள்ளே போனபோது நானும் கூட இருந்தேன். சுவரில் தொங்கிய தினக் காலண்டரில் கிழிக்காமல் நின்ற தாள் எட்டு மாதத்துக்கு முந்தையது. தராசுத் தட்டில் விரலால் எழுதலாம் என்ற அளவுக்குத் தூசி. மீட்டரில் ஓடிய யூனிட்டுகளை மின்வாரியப் பில்களோடு சேர்த்து ஒரு பத்தியில் எழுதிவிட்டார் கமிஷனர். அதற்குப் பிறகு நான் நாலு சாட்சிகளை விசாரித்தேன். அந்த ஒரு பத்தியை அசைக்க முடியவில்லை.

ஆகவே இந்த வாரமே பாலக்காடு போய்க் கடையைத் திறங்கள். கோர்ட்டுகள் அந்த ஆறு மாதத்தை மனுப் போட்ட நாளிலிருந்து பின்னோக்கித்தான் எண்ணுகின்றன. உங்களுக்கு ஐந்து மாதம் இன்னும் முழுதாக ஆகவில்லை என்பதே இப்போதைக்கு உங்களிடமுள்ள பெரிய சொத்து. திறப்பது என்றால் ஷட்டரை ஏற்றிப் படம் எடுத்து வைப்பது அல்ல. சரக்கு இறங்க வேண்டும், விளக்கு எரிய வேண்டும், வியாபாரம் நடந்து பில் புத்தகத்தில் தேதி விழ வேண்டும், நகரசபை லைசென்ஸும் உணவுப் பாதுகாப்புப் பதிவும் உங்கள் பேரிலேயே புதுப்பிக்கப்பட்டிருக்க வேண்டும். தங்கை மகனை உட்கார வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சம்பளத்துக்கு உட்காரலாம், சம்பளம் வங்கி வழியாகப் போகட்டும். அவர் சொந்தப் பணம் போட்டுக் காப்பி இயந்திரம் வைத்துத் தானே வியாபாரம் செய்தால், கடையை உள்வாடகைக்கு விட்டீர்கள் என்று இன்னொரு காரணம் எழும். ஒரு குழியிலிருந்து ஏறி அடுத்ததில் விழ வேண்டாம்.

வாடகையைப் பற்றிச் சுருக்கமாக. புதிய உரிமையாளர் வாங்க மறுத்ததால் நீங்கள் கடன்காரர் அல்ல என்று நினைக்காதீர்கள். மாதம் 2,200 ரூபாய் வீதம் ஏழு மாதத்துக்கு 15,400 ரூபாய் நிற்கிறது. வக்கீல் நோட்டீஸில் அவருடைய வங்கிக் கணக்கைக் கேளுங்கள், தராவிட்டால் மணியார்டர் அனுப்புங்கள், திரும்பி வந்த சீட்டைக் கிழிக்காமல் வையுங்கள். எந்தக் காரணத்துக்காக மனு வந்தாலும், நீங்கள் ஒப்புக்கொள்ளும் பாக்கியைக் கட்டினால்தான் எதிர்வாதம் செய்யவே 12-ஆவது பிரிவு அனுமதிக்கும். கோர்ட் குறித்த தேதியைத் தவறவிட்டு, நல்ல வழக்கை வாதாடாமலே தோற்றவர்கள் பலர்.

கடையைத் திறந்துவிட்டால் கடைசி வரை பிழைத்துக்கொள்வோமா என்றால், அப்படிச் சொல்லி உங்களுக்கு நம்பிக்கை ஊட்ட எனக்கு மனம் வரவில்லை. தை பிறந்ததும் அவர் சொந்தத் தேவைக்கு மனுப் போடுவார். காப்பிக் கடை நடத்த வேண்டும் என்பதும் உண்மையான தேவைதான்; இந்தத் தெருவுக்கு அது தகுமா என்று கோர்ட் கேட்காது. அப்போது உங்களுக்கு மிஞ்சும் ஒரே கவசம், பிழைப்புக்கு முக்கியமாக அந்தக் கடையையே நம்பியிருக்கும் வாடகைதாரருக்கு, அந்த வட்டாரத்தில் தகுந்த வேறு இடம் கிடைக்காதபோது, சட்டம் தரும் பாதுகாப்பு. இரண்டையும் நிரூபிக்க வேண்டியவர் நீங்கள். அப்பளம் கோயம்புத்தூர்க் கடைகளுக்குப் போய்க்கொண்டிருக்கும்போது முதலாவது தளர்கிறது. சாத்தபுரத்திலோ நூறணியிலோ காலியாக நிற்கும் ஒரு அறையை எதிர்த்தரப்பு காட்டினால் இரண்டாவதும் தளர்கிறது.

அதனால் நான் சொல்வது, பேசி முடியுங்கள். முன்சிஃப் கோர்ட், மேல்முறையீடு, எர்ணாகுளத்தில் ஹைக்கோர்ட் என்று மூன்று படி ஏறினால் உங்களுக்குச் சில வருடம் கிடைக்கலாம். அந்த வருடங்களை எங்கே, யாரோடு கழிக்க வேண்டும் என்று உங்கள் மனைவியிடமும் கேளுங்கள். ஆனால் பேசுவதைக் கடையைத் திறந்து, வாடகையை அனுப்பிய பிறகு தொடங்குங்கள். பூட்டிய கடைக்காரருக்கு அவர் கொடுக்கும் தொகை வேறு, காலை எட்டு மணிக்கு ஷட்டர் ஏற்றுகிறவருக்குக் கொடுக்கும் தொகை வேறு. கையில் வழக்கு எதுவும் இல்லாத இந்தச் சில மாதங்களில்தான் அவருக்கும் அவசரம் இருக்கிறது.

புதுப்பித்த கட்டடத்தில் உங்களுக்கு ஒரு சின்ன மூலை தருவதாக அவருடைய ஆள் சொன்னதை நம்பி எதிலும் கையெழுத்திட வேண்டாம். கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டுவதற்கென்று கோர்ட் வழியாகக் காலி செய்யப்படும் வாடகைதாரருக்குத்தான் புதிய கட்டடத்தில் முதல் உரிமை உண்டு. இவர் செய்யப்போவது பழுதுபார்ப்பு, உங்களோடு செய்வது தனி ஒப்பந்தம், அங்கே அந்த உரிமை பேசாது. ஓடு மாற்றப் பத்து நாள் சாவி வேண்டும் என்று கேட்டாலும் கொடுக்காதீர்கள். அப்படிக் கொடுத்த ஒரு பாத்திரக் கடைக்காரர், தானே ஒப்படைத்துவிட்டுப் போனார் என்று எதிர்த்தரப்பு சொல்ல, இல்லை என்று நிரூபிக்க முடியாமல் என் முன்னால் உட்கார்ந்து அழுதார். பணமும் சாவியும் ஒரே நாளில், ஒரே மேசையில், எழுதிய ஒப்பந்தத்தின் மேல், உங்கள் வக்கீல் பக்கத்தில் இருக்கும்போது கைமாறட்டும். அதுவரை சாவி உங்கள் இடுப்பிலேயே இருக்கட்டும்.