பட்டறைப் பதில்கள்: இரண்டு எஞ்சின் சிட்ரோனும் இட்டேரிச் சேறும்

சிட்ரோன் 2சிவி காரில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு எஞ்சின் இருந்ததாக வீடியோவில் பார்த்தேன். நிஜமா, இல்லை யாராவது பட்டறையில் வைத்துச் செய்த வேடிக்கையா?
*வாசகர், பொள்ளாச்சி*

நிஜம்தாங்க. கம்பெனியே செய்து விற்ற வண்டி, பெயர் 2சிவி சஹாரா. வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் எண்ணெய் தேடிப் போகிறவர்களை மனதில் வைத்து 1950களின் கடைசியில் உருவாக்கினார்கள். மொத்தம் 694 வண்டிதான் வெளியே வந்தது. ஒவ்வொரு எஞ்சினும் 425 சிசி, இரட்டை சிலிண்டர், காற்றிலேயே குளிர்வது, அதனால் ரேடியேட்டருக்குத் தண்ணீர் தேடி அலைய வேண்டாம். இதில் எஞ்சின் சக்தியை வண்டிக்கு அடியில் நீளவாக்கில் கொண்டுபோகிற பிராப்பெல்லர் ஷாஃப்ட்டும் கிடையாது, அதை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துக் கொடுக்கிற டிரான்ஸ்ஃபர் கேஸும் கிடையாது: முன் எஞ்சின் முன் சக்கரத்தை இழுக்கும், பின் எஞ்சின் பின் சக்கரத்தைத் தள்ளும், அவ்வளவுதான். கிளட்ச் பெடல் ஒன்று, கியர் லிவர் ஒன்று, எஞ்சினை ஸ்டார்ட் செய்வது மட்டும் தனித்தனி. கிணற்றில் இரண்டு மோட்டார் இறக்கி வைத்த மாதிரி, ஒன்று காயில் போனாலும் இன்னொன்றை வைத்து வீடு வந்து சேரலாம்.

படம் கிடைத்தால் உற்றுப் பாருங்கள். ஸ்டெப்னி பானெட் மேல் உட்கார்ந்திருக்கும், டிக்கி கதவில் பின் எஞ்சின் ஃபேனுக்காக ஒரு ஓட்டை இருக்கும். பெட்ரோல் டேங்க் இரண்டும் முன் சீட்டுகளுக்கு அடியில், அதன் வாய் வெளியே வரும் இடத்தில் கதவையே வெட்டி விட்டிருப்பார்கள். பெட்ரோல் மேல் உட்கார்ந்துகொண்டு ஓட்டுவது எனக்கு ஆகாது, ஆனால் யோசித்தவன் மூளையை மெச்சத்தான் வேண்டும். கையில் இருக்கிற எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இன்னொரு செட் எடுத்துப் பின்னால் மாட்டினான், வேலை முடிந்தது!

தாத்தா காலத்து அம்பாசிடர் வீட்டில் சும்மா நிற்கிறது. பெஜோ 504 என்ற பிரெஞ்சுக் காரை நாலு சக்கரமும் இழுக்கிற ஃபோர் வீலாக மாற்றியதைப் படித்தேன். பழைய ஜீப்பின் முன் ஆக்சிலை வாங்கி இதில் போடலாமா? தோட்டத்துக்குப் போகிற இட்டேரி மண்பாதை மழைக்கு ஒரே சேறு.
*வாசகர், காங்கேயம்*

போட முடியுமா என்றால் முடியும், நம் பக்கத்து லேத் பட்டறைகளில் முடியாதது என்ன இருக்கிறது? போடலாமா என்று கேட்டால் வேண்டாம் என்பேன்.

நீங்கள் படித்தது டான்ஜெல் வண்டியாக இருக்கும். ஆன்ரி டான்ஜெல் என்பவர் பிரான்ஸின் அல்சாஸ் பகுதியில் பட்டறை வைத்து, 1980இல் பாரிஸ் மோட்டார் ஷோவில் ஃபோர் வீல் 504-ஐக் கொண்டுவந்து நிறுத்தினார். அவர் எடுத்தது பின்னால் சாமான் வைக்கிற இடம் நீண்ட எஸ்டேட் மாடல், அப்புறம் பிக்கப். காரணம் இருக்கிறது. பெரும்பாலான 504 செடான்களில் பின் சக்கரங்கள் தனித்தனி சஸ்பென்ஷன், எஸ்டேட்டிலோ இரண்டு சக்கரத்தையும் சேர்த்துப் பாரம் தாங்குகிற நேர் ஆக்சில். அதோடு முன்னால் ஒரு டிஃபரன்ஷியலை, அதாவது சக்தியை இரண்டு சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கிற பெட்டியை, மாட்டி அவர் நிறுத்திவிடவில்லை, வண்டியைத் தூக்கினார், மெதுவாக ஆனால் அதிக இழுவையோடு போக லோ கியருள்ள டிரான்ஸ்ஃபர் கேஸ் வைத்தார், ஒரு சக்கரம் சும்மா சுற்றினாலும் மற்றது இழுக்கிற மாதிரி டிஃபரன்ஷியலையும் மாற்றினார். பெயருக்குத்தான் அது 504, அடிவயிறு முழுக்க வேறு வண்டி.

உங்கள் அம்பாசிடருக்குப் பின்னால் ஸ்பிரிங் பட்டையும் நேர் ஆக்சிலும் இருக்கிறது, அதில் சிக்கல் இல்லை. முன்னால்தான் தலைவலி. அங்கே ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனி சஸ்பென்ஷன், முறுக்கிக்கொள்கிற டார்ஷன் பார் கம்பியும் விஷ்போன் கையும். ஜீப் ஆக்சிலை எங்கே மாட்ட நினைக்கிறீர்களோ அங்கே எஞ்சின் அடியில் ஆயில் தேங்குகிற சம்ப் தொங்குகிறது. எஞ்சினைத் தூக்கினால் பானெட் மூடாது, பாடியைத் தூக்கினால் ஷாஃப்ட் கோணம் கூடி ஜாயின்ட் நிற்காது. இதற்கெல்லாம் வெட்டி ஒட்ட ஜீப் மாதிரி தனி சேசிஸும் இல்லை, பாடியேதான் சேசிஸ். இவ்வளவும் செய்து முடித்தால் ஆர்.டி.ஓ. ஆபீஸ். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த அடிப்படை விவரங்கள் மாறுகிற மாதிரி வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது, 2019இல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. நாளைக்கு ஏதாவது இடித்தால் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் கேட்பது இதைத்தான்.

ஆர்.சி.யிலேயே ஃபோர் வீல் என்றிருக்கிற பழைய ஜீப் ஒன்றைப் பாருங்கள். அம்பாசிடர் கல்யாணத்துக்கு ஓடட்டும். இட்டேரிக்கு நாலு லோடு கிராவல் அடித்து நிரவினால் இந்தக் கேள்வியே வராது, அதையும் யோசியுங்கள்.

ரெனோ 4 மாதிரி சின்னக் கார் டக்கார் பாலைவனப் பந்தயத்தில் ஓடியதாமே?
*வாசகி, சத்தியமங்கலம்*

ஓடியது மட்டுமில்லை, 1980இல் கார்களில் மூன்றாவது இடம். ஓட்டியவர்கள் மார்ரோ சகோதரர்கள், கிளோடும் பெர்னாரும். வண்டி சின்பார் என்ற நிறுவனம் ஃபோர் வீலாக மாற்றிய ரெனோ 4. கியர்பாக்ஸிலிருந்து ஒரு ஷாஃப்ட் எடுத்துப் பின்னால் டிஃபரன்ஷியலுக்குக் கொடுத்தது, வேலை அவ்வளவுதான். குதிரை சக்தி குறைவு, ஆனால் எடையும் குறைவு. மணலில் கனமான வண்டி புதையும், லேசான வண்டி மேலே ஓடிவிடும், மீறிப் புதைந்தால் நாலு பேர் தூக்கிவிடலாம். 1982இல் அதே அண்ணன் தம்பி ரெனோ 20 ஃபோர் வீலில் பந்தயத்தையே ஜெயித்தார்கள்.

பழைய கார்களை நேரில் பார்க்கக் கோவையில் இடம் உண்டா?
*வாசகர், கோபி*

அவிநாசி ரோட்டில் ஜி.டி. நாயுடு அறக்கட்டளையின் ஜீடி கார் அருங்காட்சியகம், 2015 முதல் இருக்கிறது. குழந்தைகளையும் கூட்டிப் போங்கள்.

ஃபோர் வீல் பிரெஞ்சு வண்டிதான் வேண்டும், பர்கூர் மலைக்குப் போய்வர வேண்டும், வெளிநாட்டிலிருந்து இறக்கவும் வசதியில்லை. வழி?
*வாசகர், அந்தியூர்*

ரெனோ டஸ்டர் ஏ.டபிள்யூ.டி., அதாவது நாலு சக்கரமும் இழுக்கிற டஸ்டர், 2014இல் இங்கே வந்தது, சென்னை ஒரகடத்தில் செய்தது, இப்போது செகண்ட் ஹேண்டில் தேட வேண்டும். லோ கியர் இல்லை, ஆனால் முதல் கியரையே குட்டையாக வைத்திருப்பதால் ஏற்றத்தில் திணறாது. எடுக்கும்போது முன்பக்கம் மட்டும் இழுக்கிற டஸ்டரைக் காட்டி ஏமாற்றப் பார்ப்பார்கள். குனிந்து அடியில் பாருங்கள், நடுவில் ஷாஃப்ட் ஓட வேண்டும், பின்னால் டிஃபரன்ஷியல் இருக்க வேண்டும். உள்ளே ஆட்டோ, லாக் என்று திருகுகிற குமிழும் இருக்க வேண்டும். அதை லாக்கில் வைத்து, ஈர மண்ணில் ஒரு தடவை ஏற்றிப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.