பூத்த கையோடு மொட்டையாகும் ஹாதார்ன்

கேள்வி: எங்கள் தோட்டத்து ஹாதார்ன் (முள்ளுள்ள சிறு பூமரம், 'பால்ஸ் ஸ்கார்லெட்' ரகம்) வசந்தத்தில் சிவப்பாகப் பூத்துக் கொட்டுகிறது. கோடை முடிவதற்குள் இலையெல்லாம் புள்ளி விழுந்து உதிர்ந்துவிடுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: இலைப்புள்ளிப் பூஞ்சையாகத்தான் இருக்கும். வசந்தத்தில் மழை பிடித்துக்கொண்டால் இந்த ரகம் தப்புவது கஷ்டம். உதிர்ந்த இலைகளைக் கூட்டி அப்புறப்படுத்துங்கள். பூஞ்சை குளிர்காலத்தை அவற்றில்தான் கழிக்கிறது. உள்கிளைகளைக் கொஞ்சம் கழித்துக் காற்றோட்டம் கொடுங்கள். முள் ஜாக்கிரதை! தடித்த கையுறை இல்லாமல் நான் கிட்டேயே போவதில்லை.

அப்புறமும் அடங்காவிட்டால், மருந்தடித்துக்கொண்டே இருப்பதைவிட மரத்தை மாற்றுவது மேல். 'கிரிம்சன் க்ளவுட்' என்ற ஹாதார்ன் ரகத்தை நடலாம்: ஒற்றையடுக்குச் சிவப்புப் பூ, நடுவில் வெள்ளை, இந்த நோயை நன்றாகத் தாங்கும். உங்களுடையதைப் போன்ற அடுக்குப் பூ ரகத்தில் காய் அரிது. இதில் பறவைகளுக்குச் சிவப்புப் பழமும் உண்டு. ஜன்னலை ஒட்டி மட்டும் வேண்டாம், ஹாதார்ன் பூவின் வாடை எல்லா மூக்குக்கும் ஒத்துவராது.